குறுக்குக் கம்பி

நேமம், திருவனந்தபுரம்
11 ஜூன் 2023

பிரியமுள்ள தம்பி ஷிபினுக்கு,

அக்கா ஜிஜி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். பர்மிங்ஹாமில் நீயும் லீஜாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மா தினமும் ஜெபிக்கிறாள்.

போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அப்பாவின் நிலைமையை அவள் காதுபடப் பேச முடியவில்லை. தமிழில் மெயில் எழுது, என் வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்த பிறகு அப்பா இன்னும் உட்காரக் கூடாது என்கிறார்கள். புண்ணும் ஆறவில்லை. வாரம் ஒருமுறை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோய் மருந்து வைத்துக் கட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றாலே அழுகிறார். போன வாரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எடி, அந்த வண்டியில ஏறின நம்ம ஆளு ஒருத்தரும் தன் காலால திரும்பி வரல்ல" என்றார். நாங்களும் ஆம்புலன்ஸ்காரரும் சேர்ந்தும் விரலைப் பிரிக்க முடியவில்லை.

நீ இனி ஊரோடு இருக்கலாம் என்று கொண்டுவந்து, பிறகு விட்டுப்போன எஸ்டேட் கார், பின்னால் நீளமான சாமான் பெட்டியோடு, ஷெட்டில் நிற்கிறது. அதன் பின்பக்கத்துப் பலகையை இரண்டு நிலையில் வைக்கலாம் என்று வந்த புதிதில் எல்லோருக்கும் காட்டினாயே. மேல் படியில் வைத்து, பின் சீட்டைச் சாய்த்தால் அப்பா படுத்தபடியே போகலாமா? பலகை தாங்குமா? அவர் ஒல்லி ஆள் இல்லை, உனக்குத் தெரியும்.

அம்மாவும் அப்பாவும் அன்பு சொல்லச் சொன்னார்கள்.

ஜிஜி

*

பர்மிங்ஹாம்
12 ஜூன் 2023

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். பிள்ளைகளுக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

உன் கடிதம் பார்த்ததும் சந்தோஷமாயிருந்தது. நான் அந்த வண்டியை விட்டுப்போனபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். இப்போது அது எதற்கு என்று தெரிகிறதல்லவா? தைரியமாக அப்பாவை ஏற்று. பின் சீட்டு இரண்டாகப் பிரியும், பெரிய பக்கத்தை மட்டும் சாய். சின்ன சீட்டில் அம்மா உட்காரட்டும். பலகையின் பின் விளிம்பைத் தூக்கி உன் பக்கம் இழுத்தால் மேல் படியில் ஏறி உட்காரும். ஒரு 'டக்' சத்தம் கேட்கும். அவ்வளவுதான், சீட்டும் பலகையும் ஒரே மட்டமாய்க் கட்டில் போலாகிவிடும். மேலே அப்பாவின் மெத்தையைப் போடு.

தாங்குமா என்று கேட்கிறாயே. இது நம்மூர் வண்டி இல்லை அக்கா. இங்கே கன்றுக்குட்டி மாதிரி இருக்கும் நாய்கள் இரண்டை இதில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். நானே ஒரு தடவை துணி துவைக்கும் மிஷினை ஏற்றி வந்தேன். அப்பா ராஜா மாதிரிப் போகட்டும்.

சபைக்கு நாற்காலி ஏற்ற, கல்யாண வீட்டுக்குப் பெரிய சமையல் செம்பு தூக்க என்று யார் வண்டி கேட்டாலும் கொடுக்காதே.

அப்பாவை என் சார்பில் முத்தமிடு.

ஷிபின்

*

நேமம்
2 ஜூலை 2023

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் பிள்ளைகளுக்கு ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் காலில் நீர் கட்டி வீங்கியிருக்கிறது. அப்பா சாப்பிடுகிறார்.

நீ சொன்னபடியே மூன்று வாரமாக அப்பாவை உன் காரில்தான் கொண்டு போகிறேன். அவருக்கு எவ்வளவு பிடித்துவிட்டது தெரியுமா? காலை நீட்டிக்கொண்டு பின் கண்ணாடி வழியே பார்த்தபடி வருகிறார். தம்பானூர் பாலத்தில் ஏறும்போது, "எல்லாருக்கும் ஊரு முன்னால வருது, எனக்குப் பின்னால போவுது" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாயிற்று.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அப்பா படுத்ததும் பலகை நடுவில் தாழ்கிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் அவர் இடுப்புக்கு அடியில் முனகுகிற சத்தம் வருகிறது. நேற்று மெத்தையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பலகையை மடிக்கிற கீல் சரியாக நடுவில் இருக்கிறது. அதற்கு அடியில், பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் நேருக்கு நேராக ஒவ்வொரு ஓட்டை. உள்ளே இரும்புக் கூடு. அதில் ஏதாவது மாட்ட வேண்டுமா? வண்டியில் கையேடு இல்லை, உன்னிடம் இருக்கும். பார்த்துச் சொல். கட்டட வரைபடம் போட்டே பிழைக்கிறவள் ஆனதால் நடுவில் தாங்கல் இல்லாத எதைப் பார்த்தாலும் மனது நிற்கவில்லை.

சீக்கிரம் எழுது.

ஜிஜி

*

பர்மிங்ஹாம்
20 ஆகஸ்ட் 2023

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதத் தாமதித்துவிட்டேன். இங்கே கோடை விடுமுறை. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். கடல் என்று பெயர்தான், சங்குமுகத்தின் கால் தூசி பெறாது. லீஜாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். நான்தான் சமையல்.

அம்மாவின் கால் நீருக்கு உப்பைக் குறைக்கச் சொல். அப்பா எடை குறைந்திருக்கிறாரா? படுத்தே கிடப்பவர்களுக்கு எடை ஏறும், அதைக் கவனி.

பலகை சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பிளாஸ்டிக் உரசுகிற சத்தம். எல்லா எஸ்டேட் காரிலும் வரும். அந்த ஓட்டை, நாய் முன்னால் தாவாமல் இருக்க வலை மாட்டுவதற்கு உள்ளது. நமக்கு நாய் இல்லை. நீ மெதுவாக ஓட்டினால் போதும். வேறு ஏதாவது தேவையென்றால் நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.

உன் ஜெபத்தில் என்னையும் நினை.

ஷிபின்

*

நேமம்
9 செப்டம்பர் 2023

தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். போனில் அப்பா விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பாப்பனங்கோட்டில் குழாய் போடத் தோண்டி மூடியிருந்த இடத்தில் வண்டி ஏறி இறங்கியது. மெதுவாகத்தான் போனேன். பலகை நடுவில் முறிந்தது. இடது பக்கத்துப் பிளாஸ்டிக் விளிம்பும் பிய்ந்துகொண்டு போயிற்று. அப்பா இடுப்போடு உள்ளே இறங்கிவிட்டார். தலை சீட்டின் மேல், கால் பின் கதவில், நடு உடம்பு குழிக்குள். ரோட்டில் போனவர்கள் நாலு பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். எடுக்கும்போது அவர் கத்திய சத்தத்தில் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கடைசியில் ஆம்புலன்ஸில்தான் போனார்.

இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. இப்போதிருக்கும் நிலையில் மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்குகிறார்கள்.

ரோட்டுக் குழியால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மா நினைத்திருக்கிறாள். குழி தோண்டியவர்களைச் சபிக்கிறாள். பலகை சத்தம் போட்டதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

ஜிஜி

*

பர்மிங்ஹாம்
10 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் வாசித்தேன். லீஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

என்ன ஏற்றினீர்கள்? அப்பாவோடு வேறு யாராவது அதன்மேல் உட்கார்ந்தார்களா? ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்தாயா? மெத்தை பஞ்சா, தேங்காய் நாரா? நாரென்றால் அதன் பாரமே தனி. நான் அப்பாவைப் படுக்க வைக்கத்தான் சொன்னேன், தோண்டிப் போட்ட ரோட்டில் ஓட்டச் சொல்லவில்லை. பலகை தாழ்கிறது என்று தெரிந்த பிறகும் ஏன் ஏற்றினாய்? கட்டட ஆபீஸில் இருக்கிறவள் நீ. ஆம்புலன்ஸுக்கு அவர் அழுகிறார் என்றால் குழந்தை அழுகிறது என்று ஊசி போடாமல் இருப்போமா?

வண்டியின் பக்கச் சுவர் பிளந்துவிட்டதா, விளிம்பு மட்டும்தானா? போட்டோ அனுப்பு. முறிந்த பலகையை அப்படியே வை, யாரும் தொட வேண்டாம்.

நான் உபவாச ஜெபத்தில் இருக்கிறேன்.

ஷிபின்

*

நேமம்
24 செப்டம்பர் 2023

தம்பிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலை இல்லை. நீ சுகமாய்த்தான் இருப்பாய்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது.

போட்டோ கேட்டாய். போட்டோ வேண்டாம், எழுதியே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல் ஷெட்டில் உட்கார்ந்து அந்தப் பெட்டியை முழுக்கப் பார்த்தேன். பலகை நல்ல பலகைதான். கீழ்ப் படியில் கிடந்தால் அடியிலுள்ள கெட்டி நுரையின் மேல் முழுதாகப் படிந்து கிடக்கிறது. அங்கே அப்பாவை இல்லை, யானைக் குட்டியை வைத்தாலும் வண்டியின் தரை தாங்கும். மேல் படியில் அதற்கு இரண்டு பக்கமும் விரல் அகல விளிம்பு மட்டும்தான். நடுவில் காற்று. அந்த நடுவில்தான் கீல். கீலுக்கு நேர் கீழே அந்த இரண்டு இரும்புக் கூடுகள். கூட்டின் வாயில் பெயின்ட் தேய்ந்திருக்கிறது. ஏதோ ஒன்று அங்கே ரொம்ப நாள் உட்கார்ந்திருந்து, பிறகு எடுக்கப்பட்டிருக்கிறது.

வலை மாட்டுவதற்கு என்று எழுதினாய். வலைக்கு இவ்வளவு தடித்த கூடு எதற்கு? அது குறுக்கே ஒரு கம்பி நிற்க வேண்டிய இடம். கம்பி நின்றால்தான் மேல் படிக்குப் பலம். கம்பி இல்லாத மேல் படி பலசரக்குப் பை வைக்கத்தான் ஆகும்.

அந்தக் கம்பி எங்கே? நீ துவைக்கும் மிஷின் ஏற்றியபோது அது இருந்ததா?

எனக்கு வேறொன்றும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜிஜி

*

பர்மிங்ஹாம்
19 நவம்பர் 2023

அன்பான அக்காவுக்கு,

கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அப்பாவின் அடக்கத்துக்கு வந்து நின்ற நாலு நாளும் கனவு போலிருக்கிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் உன்னோடு ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேச முடியவில்லை. நீயும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

சபையில் நான் பேசியதைப் பற்றிப் போதகர் போனில் ரொம்ப நல்லபடி சொன்னார். பலபேர் அழுதார்களாம். என் நெஞ்சில் இருந்ததைத்தான் சொன்னேன்.

அம்மாவைத் தனியே விடாதே. அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை தீரும் முன்பே வாங்கு. கல்லறைக்குக் கல் வைக்கும்போது வாசகம் எனக்கு அனுப்பிவிட்டுச் செதுக்கச் சொல்.

உன் முந்தைய கடிதத்தில் கேட்டதெல்லாம் நினைவில் இருக்கிறது. இப்போது அதற்கான நேரமில்லை என்று நினைக்கிறேன்.

ஷிபின்

*

நேமம்
14 ஜனவரி 2024

தம்பிக்கு,

அம்மா இருக்கிறாள். சாப்பாட்டுக்கு அழைத்தால் வருகிறாள். கூப்பிடாவிட்டால் வருவதில்லை.

நீ சபையில் பேசியதைச் சொன்னாய். நான் முன் பெஞ்சில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் தூர தேசத்தில் இருந்தாலும், என் தகப்பனைத் தொட்டிலில் வைப்பதுபோல் வைத்துச் சுமக்க என் வாகனத்தை இங்கே விட்டுப்போனேன்" என்றாய். சவப்பெட்டிக்குள் அப்பா கிடந்தார். அம்மா என் கையைத் தட்டி, "கேட்டியா மக்களே" என்றாள். அடுக்களையை விட்டு நான் வெளியே வராததற்குக் காரணம் அதுதான். வெளியே வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி நான் சொல்வதைக் கேள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜெயன் வந்தான். உன்னோடு படித்தவன், போன வருஷம் நீ வண்டியை விட்டுப்போனபோது உன்னை ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டவன். கேக் வாங்கி வந்திருந்தான். அம்மா படுத்திருந்தாள். உள்ளே வராமல் ஷெட்டுப் பக்கமே நின்றான்.

"சேச்சி, இத மனசுல வச்சிட்டு எனக்கு நடக்க ஒக்கல்ல" என்றான். "அன்னைக்கு ஏர்போர்ட்டுக்குப் போவும்போ வழியில கடையில வாங்கின அவனுக்க பெரிய பெட்டி உள்ள கேறல்ல. குறுக்க ஒரு கம்பி நின்னு. அவன் அத ஊரி எடுத்தான். அந்தக் கடைப் பார்க்கிங்குல சுவரோரம் சாரி வச்சிட்டுப் போனோம். திரும்பி வரும்போ நானும் அத மறந்து போயி."

மறப்பது யாருக்கும் வரும். நானும் மறப்பேன். அதற்காக உன்னை ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஜெயன் அதோடு நிறுத்தவில்லை.

"ஜூலைல போன்ல விளிச்சான் சேச்சி. எடா, அந்தக் கம்பி அங்க கிடக்குதான்னு ஒண்ணு போய் நோக்குன்னான். நான் போனேன், இல்ல. சொன்னேன். அவன், சாரமில்ல போவட்டும், அக்காட்ட சொல்லாண்டாம், சொன்னா அவ பின்ன அப்பாவ அதுல ஏத்த மாட்டா, வண்டிய சும்மா விட்டுட்டுப் போனான்னு பேச்சு வரும், நான் இங்கேர்ந்து வேற ஒண்ணு அனுப்பலாம்னான். அவன் வேற கம்பி அனுப்பாமலே நீங்க அப்பாவ ஏத்திட்டு இருக்கியன்னு எனக்குத் தெரியாது சேச்சி. சத்தியமா தெரியாது."

அவன் அழுதான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

ஆக, ஓட்டை எதற்கு என்று நான் கேட்டபோது உனக்குத் தெரியும். ஆள் அனுப்பிப் பார்த்தும்விட்டாய். பார்த்தபிறகு உட்கார்ந்து, வலை மாட்டுவதற்கு என்று எனக்கு எழுதினாய். நடுவில் கடற்கரைக்கும் போய் வந்தாய். அந்த ஆகஸ்டில் ஒரு வரி, 'ஏற்றாதே' என்று ஒரு வார்த்தை, போனில் அம்மா கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் அப்பா அழுதுகொண்டே ஆம்புலன்ஸில் போயிருப்பார். அழுதுகொண்டு திரும்பியும் வந்திருப்பார்.

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சபையிலும் சொல்லப்போவதில்லை. நீ என்னிடம் சொல்ல வேண்டும். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

ஜிஜி

*

பர்மிங்ஹாம்
5 மே 2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க விசுவாசிக்கிறேன். ஈஸ்டருக்கு அம்மாவை வீடியோவில் பார்த்தேன், மெலிந்திருக்கிறாள்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். ஜெயனுக்கு எப்போதும் வாய் நீளம், பள்ளியில் படிக்கும்போதே அப்படித்தான். எல்லாவற்றையும் அவன் சொல்வதைக் கொண்டு தீர்மானிக்காதே. கம்பி இருந்திருந்தாலும் அப்பாவின் வயதுக்கும் நோய்க்கும் என்ன நடந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சில காரியங்களைக் கர்த்தர் ஒருவரே அறிவார். நான் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று நீ கேட்டதுண்டா?

நடக்க வேண்டியதைப் பேசுவோம். லீஜாவுக்கு இரவு ஷிப்ட் தொடர்கிறது. பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. அம்மாவுக்கும் ஒரு மாறுதல் வேண்டும். அவளை ஆறு மாதம் இங்கே அனுப்பு. விசாவுக்கு எல்லாம் நான் செய்கிறேன். அவளிடம் போனில் பேசினேன், வரத் தயார் என்றாள். உன்னிடம் கேட்கத் தயங்குகிறாள்.

காரை விற்றுவிடு. பார்க்கப் பார்க்க உனக்கும் மனக்கஷ்டம். வாங்குகிறவனிடம் பலகை பழசாகி முறிந்தது என்று சொன்னால் போதும், வேறு கதை தேவையில்லை.

உன் தம்பி,
ஷிபின்

*

நேமம்
18 ஆகஸ்ட் 2024

ஷிபின்,

அம்மா செவ்வாய்க்கிழமை காலை விமானத்தில் ஏறுகிறாள். மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். காலில் நீர் இன்னும் இருக்கிறது, உயரமான நாற்காலி கொடு. ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படுகிறாள். முதல் வாரம் பக்கத்தில் இரு.

கார் போயிற்று. கல்லாற்றில் கடை வைத்திருக்கும் வினய் என்பவர் வாங்கினார். மலைக்கு வருகிறவர்களுக்குப் பலகாரம் விற்கிற கடை, சரக்கு ஏற்ற வேண்டுமாம். கொடுக்கும் முன்னால் வொர்க்‌ஷாப்பில் விட்டு, மேல் படியின் விளிம்புகளை இரண்டு பக்கமும் அறுத்து எடுக்கச் சொன்னேன். அந்தக் கூடுகளையும் அடைக்கச் சொன்னேன். வண்டியின் மதிப்பு போய்விடும் என்றார்கள். போகட்டும். புதுப் பலகை இனி கீழே மட்டும்தான் கிடக்கும். வினய் என்ன நடந்தது என்று கேட்டார். என் அப்பா இதில் விழுந்தார், கம்பி இல்லாமல் இருந்தது என்றேன். பலகை பழசாயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பின் கதவை மெல்ல மூடினார்.

நீ ஆமாம் என்று எழுதவில்லை. இனி எழுதவும் வேண்டாம். காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போன மாதம் ஒருநாள் முடிவு செய்தேன். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். உனக்கென்று அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஒரு காரியம் சொல்லணும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு உண்டு மக்களே. அன்னைக்குச் சபையில அவன் பேசும்போ நான் அழுதிட்டு இருந்தேன், அவனுக்கு ஒரு வார்த்த பதில் சொல்லல்ல. போன்ல சொன்னா அது சரியாவாது. அவன் அந்த வண்டிய இங்க விட்டுட்டுப் போவலேன்னா அப்பாவுக்கு அந்த ரெண்டு மூணு மாசச் சிரிப்பு கிடைச்சிருக்குமா? அங்க போய் முதல்ல அவனுக்க மூஞ்சியப் பாத்து இதச் சொல்லணும். நெத்தியில ஒரு முத்தம் கொடுக்கணும். அதுக்காண்டிதான் நான் போறதே. நீ என்ன சொல்ல வந்த?"

மூடி சரியாக இல்லை, வேறு டப்பா தருகிறேன் என்றேன்.

அவள் உன் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் உன்னைக் கூப்பிடுவாள். போய் அவள் எதிரில் நில். முழுவதும் சொல்லி முடிக்கட்டும். நெற்றியைக் காட்டு.

ஜிஜி